சுந்தரவல்லியும் ஒழுகிய பாய்லரும்

சுந்தரவல்லி ஒரு வேலையைச் சொன்னால் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் செய்வாள். கட்டிலில் கிடக்கும் அவள் மாமனாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று நான் சொன்ன முதல் நாளே, "ஏன் ரெண்டு மணி? மூணு மணி ஆனா என்ன ஆகும்?" என்றாள். ரத்தம் ஓடாமல் தோல் புண்ணாகும் என்றேன். "எந்த இடத்துல முதல்ல ஆகும்?" என்றாள். இடுப்பு, குதிகால், தோள்பட்டை என்று தொட்டுக் காட்டினேன். மறுநாள் காலை அந்த இடங்களின் அளவுக்கு இலவம்பஞ்சு அடைத்த வளையங்கள் தைத்து வைத்திருந்தாள். நான் ஆஸ்பத்திரிகளில் பல பேருக்கு நர்ஸ் வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்படிக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி டாக்டரானாள். சுந்தரவல்லி மகாபலிபுரத்தில் ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

அவள் பிறந்தது அச்சரப்பாக்கத்தில். அப்பா தபால் ஆபீஸ் குமாஸ்தா. எட்டு வயதில் தபால் ஆபீஸ் தராசைப் பிரித்துப் போட்டு, மறுபடி சரியாகப் பூட்டியும் அடி வாங்கினாளாம். "சரியாப் பூட்டினேனே, அப்புறம் எதுக்கு அடி?" என்று முப்பத்து நாலு வயதிலும் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினாறில் கல்யாணம். புருஷன் பட்டாபிராமன் ஆரம்பப் பள்ளி வாத்தியார். குழந்தை இல்லை. மாமனார் தேசிகன் கோயில் கோஷ்டியில் முன்வரிசையில் நின்று பாசுரம் சொல்பவர். 1954 ஜூலையில் ஒரு காலை, கோயிலுக்குக் கிளம்பும்போது விழுந்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சு குழறியது. செங்கல்பட்டிலிருந்து என்னை வரவழைத்தார்கள்.

நான் கிறிஸ்தவப் பெண். அந்த வீட்டில் சமையலறை தவிர மற்ற இடங்களுக்குப் போகலாம் என்று முதல் நாளே பட்டாபிராமன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சமையலறையில் வேலையும் இல்லை. என் வேலை நோயாளி, படுக்கை, வெந்நீர்.

வெந்நீர் முக்கியம். விறைத்துப்போன கையைக் காலையில் சுடுநீரில் வைத்துத் தேய்த்தால்தான் விரல்கள் பிரியும். அதற்காகக் கொல்லைப்புறக் குளியல் கொட்டடியில் ஒரு தாமிர பாய்லர் இருந்தது. இடுப்பு உயரம். நடுவில் ஒரு குழாய் கீழிருந்து மேல் வரை போகும். அதற்குள் சவுக்கு மிலாறுச் சுள்ளியும் கரியும் போட்டு எரிப்பார்கள். குழாயைச் சுற்றிலும் தண்ணீர். அடியில் சாம்பல் தட்டு, பக்கத்தில் திருகு குழாய். மேலே வளையம் போல ஒரு மூடி. அதைக் கழற்றினால் கை உள்ளே போகும். சுந்தரவல்லி வருவதற்கு முன்பிருந்தே அந்தப் பாய்லர் அந்த வீட்டில் இருந்தது.

அது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஒழுகியது. தீபாவளிக்குப் பதினொரு நாள் இருந்தது. தீ பற்ற வைத்துக் கொஞ்ச நேரத்தில் உள்ளே சீறல் கேட்டது. கரி அணைந்தது, கொட்டடி முழுக்கப் புகை. சாம்பல் தட்டிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஓடி வந்தது.

பட்டாபிராமன் புகைக்கு நடுவில் நின்று இருமினார். "தண்ணி ரொப்பாம பத்த வச்சியா?"

"இல்லை. விளிம்பு வரைக்கும் ரொப்பினேன்."

"பின்ன எப்படி ஒழுகும்?"

"அதைத்தான் நானும் பார்த்துண்டிருக்கேன்" என்றாள் சுந்தரவல்லி. குனிந்து தட்டிலிருந்த தண்ணீரை விரலால் தொட்டு முகர்ந்தாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை அவர் பள்ளிக்கூட வேலையாகச் செங்கல்பட்டு போனார். பாத்திரக் கடை ஒன்றில் விசாரித்துவிட்டு வந்தார். "கடைக்காரன் கேட்ட உடனே சொல்லிட்டான். தண்ணி இல்லாம எரிச்சா ஒட்டு உருகிடுமாம். இனிமே அது பிரயோஜனம் இல்லை. எடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கோங்கோன்னுட்டான்."

"பாய்லரைப் பார்க்காமலேயா?" என்றாள் அவள்.

"அவன் தினம் நூறு பாய்லர் பார்க்கறவன்."

"இதைப் பார்க்கலையே."

நான் அப்போது தேசிகனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் வெண்கல அண்டாவில் தண்ணீர் சுட வைத்து, கொதிக்கக் கொதிக்கக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், யாராவது காலில் கொட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை. வேறு பெரிய விஷயம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

சாயங்காலம் பட்டாபிராமன் ஒரு கார்டு எழுதி, அப்பாவின் கட்டிலருகே நின்று படித்துக் காட்டினார். காஞ்சிபுரத்தில் இருக்கும் தங்கை காமுவுக்கு. தீபாவளி கழிந்ததும் அப்பாவை அங்கே அழைத்து வருவதாகவும், இங்கே கவனிப்பு சரியில்லை என்றும், பாய்லரைத் தண்ணீர் இல்லாமல் எரிக்கிற கையில் நோயாளியை எப்படி விட்டு வைப்பது என்றும் எழுதியிருந்தார். கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். பயந்தவர்கள் யாரையாவது குறை சொன்னால் கொஞ்சம் தெம்பு வருகிறது.

 தேசிகன் நல்ல பக்கத்துக் கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். தினமும் மாலையில் கோயில் மேளம் கேட்கும்போது அவர் உதடு அசையும். காஞ்சிபுரத்திலும் கோயில்கள் உண்டு. இந்தக் கோயில் இல்லை.

சுந்தரவல்லி கொட்டடிக்குப் போய்விட்டாள். நானும் போனேன். அவள் அழவில்லை. பாய்லரின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நாலு மாசமா ஒரு புண் வராம பார்த்துண்டேன், நர்ஸம்மா. ஒரு பாய்லருக்காக அவரைத் தூக்கிண்டு போயிடுவாளா?"

"போவார்கள்" என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"நான் தண்ணி ரொப்பினேன். நான் ரொப்பினது எனக்குத் தெரியும். ஆனா ஒழுகினது ஏன்னு தெரியலை. அது தெரியாம புதுசு வாங்கினா, அதுவும் ஒழுகுமே."

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் மருந்தை மாற்றிக்கொண்டே போகும் டாக்டர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

ஞானதாஸைக் கூப்பிடலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. ஞானதாஸ் ரயில்வே எஞ்சின் ஷெட்டில் வேலை செய்தவர். ஒரு தடவை நீராவி பட்டு முழங்கை வெந்துபோய் என் வார்டில் பன்னிரண்டு நாள் கிடந்தார். கட்டு மாற்றும்போது வலி தெரியாமலிருக்க எஞ்சின் பாய்லரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். பக்கத்தில் பூஞ்சேரியில் அவர் அம்மா இருந்தார். அம்மாவைப் பார்க்க இரண்டு ஞாயிறுக்கு ஒரு ஞாயிறு வருவார். ஆள் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பின்பக்கச் சந்து வழியாக வந்து கொல்லை வாசலில் நின்றார். அந்தக் காலத்தில் அவர் ஜனங்கள் அப்படித்தான் வர வேண்டும். கையில் ஒரு சின்ன சுத்தியல் மட்டும் இருந்தது.

"இன்னா சிஸ்டர், எஞ்சினுக்கு வைத்தியம் பாக்கறவன வெந்நீர் அண்டாவுக்குக் கூட்டியாந்துட்டீங்க?"

"இரண்டும் பாய்லர்தானே?"

"அதுவும் சரிதான். அது ஊருக்கு இழுக்கும், இது குளிக்க வெக்கும். வவுறு ஒண்ணுதான்."

பட்டாபிராமன் கொட்டடி வாசலை மறித்தாற்போல நின்றார். ஞானதாஸ் தொட்ட பாத்திரத்தில் இனிமேல் குளிப்பதா என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. வாயால் சொல்லவில்லை. "இது அப்பா தீர்த்தமாடற பாத்திரம்..." என்று இழுத்தார்.

உள்ளே கட்டிலிலிருந்து தேசிகன் ஏதோ சத்தம் போட்டார். நான் போய்க் கேட்டேன். குழறல் எனக்குப் பழகியிருந்தது. திரும்பி வந்து அப்படியே சொன்னேன்: "'நர்ஸ் தினம் என்னைத் தொடறா. பாய்லருக்கு என்னைவிட ஆசாரமா'ன்னு கேக்கறார்."

ஞானதாஸ் சிரிக்கவில்லை. "எப்படியும் பட்டறையில நெருப்புல காட்டித்தான் ஒட்டணும் சாமி. நெருப்பு வரைக்கும் நான் பாத்துக்கறேன், அப்பால நெருப்பு பாத்துக்கும்" என்றார். பட்டாபிராமன் ஒதுங்கிக்கொண்டார்.

முதலில் வெளிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டினார். டங் என்று கோயில் மணி போலக் கேட்டது. சுற்றி வந்து ஏழெட்டு இடத்தில் தட்டினார்; எல்லா இடத்திலும் அதே சத்தம். பிறகு நெருப்புக் குழாயின் உள்பக்கம் தட்டினார். மேலே நல்ல சத்தம். கீழே வர வர மொத்தென்று மண்பானை போலக் கேட்டது.

"இன்னொரு தடவை தட்டுங்கோ" என்றாள் சுந்தரவல்லி. தட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ரெண்டு விரக்கடை அடியிலதான் மாறறது."

"காது நல்லா கீதும்மா உங்களுக்கு. ஷெட்டுக்கு வந்துடுங்க." பிறகு பட்டாபிராமனைப் பார்த்தார். "வாத்தியாரே, தண்ணி இல்லாம எரிச்சாங்கன்னு யாரு சொன்னது?"

"கடைக்காரர்."

"அவரு கண்ணால பாத்தாரா? எரிச்சிருந்தா மேல இந்த ஒட்டு மொதல்ல உருகி முத்து முத்தா சாம்பல்ல கிடக்கும். செம்பு ஊதாவாயிடும். பாருங்க, ஒட்டு அப்படியே கீது. தண்ணி இருந்திருக்கு."

சுந்தரவல்லி வெற்றிக் களிப்பில் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் கவனம் அதில் இல்லை. "அப்போ ஓட்டை எங்கே?" என்றாள்.

"பாக்கலாம். ஒரு கம்பளியும் சிம்னி விளக்கும் குடுங்க."

விளக்கைக் கொளுத்தி அடிவழியாக நெருப்புக் குழாய்க்குள் வைத்தார். பாய்லர் முழுவதையும் கம்பளியால் மூடினார். வெளியே நல்ல வெளிச்சம். கம்பளிக்குள் தலையை விட்டு, மூடி இருந்த வளையத்தின் வழியாகத் தண்ணீர் இருந்த பக்கத்தை எட்டிப் பார்த்தார். வெளியே வந்து, "வாத்தியாரே, நீங்க பாருங்க" என்றார்.

பட்டாபிராமன் குடுமியோடு கம்பளிக்குள் போனார்.  "நட்சத்திரம் மாதிரி இருக்கு" என்ற குரல் உள்ளேயிருந்து வந்தது. "மூணு."

சுந்தரவல்லி பார்த்துவிட்டு எழுந்திருக்கவே இல்லை. கம்பளிக்குள்ளிருந்து கேள்வி மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒன்று பெரிதாக இருக்கிறதே ஏன்? மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கிறதே? நேற்று முன்தினம் ஒரே நாளிலா மூன்றும் வந்திருக்கும்?

"ஒரே நாள்ல வராதும்மா" என்றார் ஞானதாஸ். "ஓட்டை ரொம்ப நாளா கீது. எதுவோ அடைச்சிகினு இருந்திருக்கு. இந்த ஊரு கிணத்துத் தண்ணிக்கு உள்ள சுண்ணாம்பு கட்டியிருக்கணுமே. சுத்தமா கீது. யாரு எடுத்தது?"

கம்பளி அசையவில்லை.

எனக்கும் தெரியும். வியாழக்கிழமை நல்ல வெயில். தீபாவளிக்கு முதல் நாள் பாய்லரைத் துலக்கி, சுண்ணாம்பும் குங்குமமும் பட்டை பட்டையாக இட்டு, தண்ணீர் நிரப்பி வைப்பது அவர்கள் வழக்கம். வெளிப்பக்கத்தை வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்ப்பாள். இந்த வருஷம் வெந்நீரில் வெள்ளைப் பொருக்கு வருகிறதே என்று உள்பக்கத்தையும் தேய்த்தாள். புளித்தண்ணீரைக் காய்ச்சி ஊற்றி, மத்தியானம் முழுக்க ஊற வைத்து, தேங்காய் நாரால் சுரண்டினாள். நுரைத்து வருகிறது, வந்து பாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

புருஷன் கேட்டதெல்லாம் தண்ணீர் ரொப்பினாயா என்றுதான். இதை யாரும் கேட்கவில்லை. இப்போதும் தானாக உதிர்ந்தது என்று சொல்லியிருந்தால் ஞானதாஸ் நம்பியிருப்பார். கார்டு பட்டாபிராமனின் சட்டைப் பையில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தபால் எடுப்பதில்லை என்பதால்தான் அது இன்னும் அங்கே இருந்தது.

சுந்தரவல்லி கம்பளியை விலக்கிக்கொண்டு எழுந்தாள். முகத்தில் கரி. "நான்தான் எடுத்தேன். புளி போட்டு. நான் சுரண்டின மறுநாள்தான் ஒழுகித்து. எனக்கு இப்போதான் புரியறது" என்றாள். நேரே உள்ளே போய் ஒரு கொட்டாங்கச்சியைக் கொண்டுவந்தாள். சுரண்டிய பொருக்கையெல்லாம் அதில் போட்டு வைத்திருந்தாள். இது என்ன என்று தெரியாததால் தூக்கிப் போட மனம் வரவில்லையாம்.

ஞானதாஸ் ஒவ்வொரு பொருக்காகப் புரட்டிப் பார்த்தார். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். வெள்ளைப் பொருக்கின் நடுவில் பச்சையாக ஒரு சின்ன முளை, மிளகு அளவுக்கு. குழாயின் பெரிய ஓட்டையில் வைத்தார். பாட்டிலுக்குத் தக்கை போல உட்கார்ந்தது.

 எனக்கு அது நன்றாகத் தெரிந்த விஷயம்: பொருக்கு உதிர்ந்தால் புண் தெரியும். புண்ணைப் பொருக்கா உண்டாக்கியது?

"அப்போ சுரண்டினது தப்பு" என்றார் பட்டாபிராமன்.

"இல்ல வாத்தியாரே. சுண்ணாம்ப எடுக்கத்தான் வேணும், இல்லாட்டி விறகுதான் தண்டம். எங்க வேலையே எஞ்சின் வவுத்துல இத கழுவறதுதான். ஓட்டைய மறைச்சிகினு இருந்தது போச்சு, அவ்ளோதான். இவங்க எடுக்காட்டி அடுத்த மாசம் அதுவா வுழுந்திருக்கும், பெரியவரு குளிக்கற நேரத்துல." சாம்பல் தட்டைக் காலால் தள்ளினார். "ஓட்டை எப்படி வந்துதுன்னு கேளுங்க. மூணும் சாம்பல் நிக்கற மட்டத்துல கீது. சாம்பலை தினம் எடுக்கறதில்லியா?"

இந்தத் தடவை சுந்தரவல்லி வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள், நானும் சொல்லவில்லை. அடுப்பைப் பற்றி அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. அதைப் போட்டவரே சொல்லட்டும் என்று காத்திருந்தோம்.

பட்டாபிராமன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்திலிருந்த கரியைத் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். "சாம்பலை வாராதேன்னு சொன்னது நான்" என்றார். "சாம்பல் கிடந்தா சூடு நிக்கும், கரி மிச்சம்னு."

"சூடு நிக்கும். பொய்யில்ல. ஆனா இது கடக்காத்து. சாம்பல் ஈரமாவும். ஈரச் சாம்பல் செம்ப தின்னுடும்."

"எத்தனை நாளா தின்னிருக்கும்?" என்று கேட்டாள் சுந்தரவல்லி. குற்றம் சாட்டவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் அவருக்கு அதிகம் உறைத்தது.

"நான் சொல்லி அஞ்சு வருஷம் இருக்கும்" என்றார்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டை அடைத்துவிட்டதோ என்று ஓடினேன். தேசிகன் சிரித்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது, எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டேன். "வாத்தியார்... கணக்கு" என்றார் மகனைப் பார்த்து. அவ்வளவுதான் வந்தது. போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு மாற்றுவதா ஒட்டுவதா என்ற பேச்சு சீக்கிரம் முடிந்தது. ஓட்டையை மட்டும் அடைத்தால் போதாதா என்று பட்டாபிராமன் கேட்டார். மூன்றை அடைத்தால் நாலாவது பக்கத்திலேயே வரும், அந்த இடமே தாள் போல ஆகிவிட்டது என்றார் ஞானதாஸ். முழுசாகப் புதுசு வாங்குவதும் வீண். வெளிக்கூடு கெட்டி, இப்போது அந்தக் கனத்தில் போடுவதில்லை. நடுக்குழாயை மட்டும் எடுத்துவிட்டுப் புதுக்குழாய் வைக்க வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் செம்பு, பித்தளை வேலை செய்யும் கன்னார் பட்டறை ஒன்று உண்டு. எந்த இடத்தில் எவ்வளவு கனம் என்று தானே கூட நின்று சொல்வதாகச் சொன்னார். மத்தியான பஸ்ஸின் மேலே பாய்லர் போயிற்று. பக்கத்தில் ஞானதாஸ் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டு போனார்.

கார்டு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். பட்டாபிராமன் ஒரு கார்டை வீணாக்கும் ஆள் இல்லை. எழுதிய வரிகளைக் குறுக்கே அடித்துவிட்டு, மிச்ச இடத்தில், 'அப்பா இங்கேயே இருப்பார். பாய்லர் ரிப்பேருக்குப் போயிருக்கிறது' என்று எழுதித் திங்கட்கிழமை தபாலில் சேர்த்தார். சுந்தரவல்லியிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கார்டை அவள் கையில் கொடுத்துப் பெட்டியில் போடச் சொன்னார். அவள் படித்துவிட்டுப் போட்டாள்.

அடித்த வரிகளைப் படிக்காத மனுஷி உண்டா? சனிக்கிழமை காமு பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டாள். "என்ன மன்னி இது, அப்பா வரார்னு ஒரு வரி, வரலைன்னு ஒரு வரி, நடுவுல பாய்லர். ஒண்ணுமே புரியலையே!" மறுநாள் ஞானதாஸ் பாய்லரைக் கொண்டுவந்து இறக்கினார். கொல்லை வாசலில் கல் தடுக்கும் என்று தேசிகன் கை காட்டியதால் முன்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரும் தடுக்கவில்லை. அதற்கப்புறம் அவர் எப்போது வந்தாலும் முன்வாசல் வழியாகத்தான்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் மறுபடி விளக்கு, கம்பளி. முதலில் சுந்தரவல்லி பார்த்தாள். பிறகு காமு பார்த்தாள். "ஒண்ணுமே தெரியலையே, வெறும் இருட்டு" என்றாள் ஏமாற்றத்தோடு. "அதுதான் வேணும்" என்றாள் சுந்தரவல்லி. மறுநாள் சுண்ணாம்பும் குங்குமமும் இட்டு, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினாள். தீபாவளி விடியலில் தேசிகனுக்கு எண்ணெய் தேய்த்து, நாற்காலியில் உட்கார வைத்து, நானும் அவளும் குளிப்பாட்டினோம். அன்று வலது கையில் இரண்டு விரல் தானாகப் பிரிந்தது. நான் அதைக் குறிப்பில் எழுதினேன். அவள், "ஏன் அந்த ரெண்டு மட்டும்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

தேசிகன் இன்னும் இரண்டரை வருஷம் அதே கட்டிலில் இருந்து, அதே மேளத்தைக் கேட்டுக்கொண்டு இறந்தார். உடம்பில் ஒரு படுக்கைப் புண் கிடையாது. நான் நவம்பரிலேயே கிளம்பிவிட்டேன். அந்த இரண்டரை வருஷமும் பார்த்துக்கொண்டது சுந்தரவல்லிதான். எனக்கு வருஷத்துக்கு இரண்டு கார்டு போடுவாள். அவள் கார்டில் நலம் விசாரிப்பு ஒரு வரி, பாய்லர் ஒரு வரி இருக்கும். சாம்பலைத் தினம் வாருகிறாள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கம்பளியைப் போட்டுப் பார்க்கிறாள், இருட்டாக இருக்கிறது.

1959இல் வந்த கார்டில், இந்தத் தடவை கம்பளியை விலக்கியபோது வெளிக்கூட்டிலேயே ஒரு நட்சத்திரம் தெரிந்தது, ஞானதாஸ் தட்டிப் பார்த்துவிட்டு அவ்வளவுதான் என்றார், ஆகவே எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு எடுத்தோம் என்று எழுதியிருந்தாள். அந்தப் பாய்லர் போனதைப் பற்றி வேறு ஒரு வார்த்தை இல்லை. கீழே நெருக்கி எழுதிய கடைசி வரி இது: 'புதுசில் தட்டினால் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது, ஏன் என்று ஞானதாஸுக்கும் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்த எஞ்சினியர் யாராவது இருந்தால் கேட்டு எழுதவும்.'